ஐனார் வீட்டுக்கு வந்தவர்கள்

உலகத்தில் எங்குமே பிறந்திராத ஹார்வி ப்ளம் என்ற பல் டாக்டர், ஜனவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கிம்லி என்ற ஏரிக்கரை ஊரில் ஐனார் தோர்சனின் வீட்டுக் கதவைத் தட்டி, பூட்ஸில் ஒட்டியிருந்த பனியை உதறிவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார். அன்று வறுத்த மீன். மூன்று துண்டு சாப்பிட்டார்.

பரிமாறிய லோவிசாவுக்கு அந்த முகம் தெரியும். காலையில்தான் வின்னிபெக் ஆய்வுக்கூடத்தில், கணினித் திரையில் பார்த்திருந்தாள். அவள் கணவர் ஐனார், ஏரி உறைந்ததும் பனிக்கட்டியைத் துளைத்து வலை விரித்தே ஆயுளைக் கழித்தவர். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் வலை முடிச்சுகள் போயின, பிறகு தேவாலயத்துக்குப் போகும் வழி, கடைசியில் மனைவியின் பெயர். லோவிசாவை "அம்மா" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்தார். அதனால்தான் இந்தச் சிகிச்சை. தலையில் ரப்பர் தொப்பி மாட்டி, உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு பஞ்சு வைத்து, எறும்பு ஊர்கிற மாதிரி மெல்லிய மின்சாரம் விடுவார்கள். அதே நேரத்தில் திரையில் ஒரு முகம் வரும். கீழே ஒரு பெயரும் ஒரு தொழிலும் இருக்கும். பிறகு முகம் மட்டும் வரும், பெயரை அவர் சொல்ல வேண்டும். முகங்கள் எங்கெங்கோ எடுத்தவை, பெயர்கள் பயிற்சிக்காக இட்டுக்கட்டியவை. ஒரு மாதம் தடுமாறிய ஐனார், அதன்பின் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்துக்கொண்டவர்கள் எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள்.

ஊரில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. பக்கத்து வீட்டு மாக்னஸ் மட்டும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன லோவிசா, ஞாயித்துக்கிழமை சர்ச் வாசல்லகூட இத்தனை பூட்ஸ் கிடக்காதே! சாப்பாட்டுக் கடை போட்டுட்டியா?" என்றார். வந்தவர்கள் நல்லவர்கள். தங்கள் பெயரும் தொழிலும் தவிர வேறெதுவும் அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள். மாக்னஸ் தன் சொத்தைப் பல்லைக் காட்டியபோது, ஹார்வி வெகுநேரம் உற்றுப் பார்த்து, "பல் இருக்குது," என்று மட்டும் சொன்னார். ஐனாருக்கு ஒரு முகம் நழுவிவிட்டால் அந்த ஆள் வருவது நின்றுவிடும். பஸ் ஓட்டுநர் எட்னா கிரிக் அப்படித்தான் நின்றுபோனாள். அவளுடைய பச்சைச் சால்வை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்த அத்தனை பேரையும் ஐனார் பெயர் சொல்லி உபசரித்தார். அடுப்படியில் நின்றவளைப் பார்த்து, "அம்மா, ஹார்விக்கு இன்னொரு துண்டு வைங்க. நல்லா சமைக்கிறீங்க, நீங்க யாரு வீட்டுப் பொண்ணு?" என்பார். லோவிசா தன் பெயரைச் சொல்வாள். "நல்ல பேரு," என்பார். காபி ஆறுவதற்குள் மறந்துவிடும்.

கடைசியில் அவள், ஆய்வுக்கூடத்தில் தொப்பி மாட்டிவிடும் மரிசெலைத் தனியாகப் பிடித்தாள். "என் போட்டோவையும் அதுல போட்டுடேன், கண்ணு."

"போடலாம் ஆன்ட்டி. ஆனா பேரையும் வேலையையும் மெஷினே எடுத்துப் போட்டுடும். நான் கை வெச்சா என் வேலை போயிடும்."

"பேரு எதுவா வேணா இருக்கட்டும்டி. என் முகம் தெரிஞ்சா போதும்."

அடுத்த வாரம், வாசல் பனியை வாரித் தள்ளிவிட்டு லோவிசா உள்ளே வந்தாள். நாற்காலியிலிருந்து எழுந்த ஐனார் இரண்டு கைகளையும் நீட்டினார். "ஹாரியட் பூல்! பியானோ டீச்சர்! வாங்க, வாங்க!" இரண்டு குளிர்காலமாக அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. அவள் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நான் லோவிசா, ஐனார்," என்றாள். விருந்தாளி ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதைப்போல அவர் நாகரிகமாகச் சிரித்து வைத்தார். அதற்குப் பிறகு தினமும் அவள் கொல்லை வழியாக வெளியே போய், வீட்டைச் சுற்றி வந்து, முன் கதவைத் தட்டினாள். தட்டி உள்ளே வந்தால்தான் அவர் முகம் மலர்ந்தது. பிறந்ததிலிருந்து பியானோவைத் தொடாத அவள் விரல்கள், மார்ச் மாதம் சர்ச்சில் தாமாகவே வாசித்தன. புதிதாக வந்த பாதிரியார் பிள்ளைகள் எத்தனை என்று விசாரித்தபோது அவள் சற்று நேரம் சுவரைப் பார்த்தாள். கால்கரி நகரத்தில் தன் பிள்ளைகள் இரண்டு பேர் இருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஏப்ரலில், ஏரிப் பனி விரிசல் விட்ட சமயம், சிகிச்சை முடிந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஹார்வியும் வரவில்லை. ஹாரியட் பூல் மட்டும் மிஞ்சினாள். ஒரு மத்தியானம், உலர்ந்த பிளம் வைத்த அடுக்குக் கேக்கும் இரண்டு கோப்பைக் காபியுமாக இருவரும் உட்கார்ந்திருந்தபோது, அவள் எழப் பார்த்தாள்.

"இருங்க டீச்சர், போயிடாதீங்க," என்றார் ஐனார். "என் பொண்டாட்டி இப்ப வந்துடுவா. லோவிசா. எனக்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போயிருக்கா. அங்க என்னைக் காணோம்னா திரும்பிடுவா. அவளை நீங்க பார்க்கணும்."

இரண்டு குளிர்காலம் காத்திருந்த பெயர். "நான்தான் அது," என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அப்போது கதவு தட்டப்பட்டது.

சிவப்புக் கம்பளித் தொப்பி, குளிரில் கன்றிய கன்னம், கையில் தகரச் சாப்பாட்டு டப்பா. தனக்குக் கல்யாணமான வருஷத்தில் அவள் கண்ணாடியில் பார்த்த அதே பெண். பூட்ஸை உதறிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எங்கடி போன இவ்வளவு நேரம்? காபி ஆறிப்போச்சு," என்று ஐனார் கடிந்துகொண்டார். அவர் கண்கள் நிறைந்திருந்தன. "லோவிசா, இவங்க ஹாரியட் பூல். பியானோ டீச்சர். ரொம்ப நல்லவங்க."

அந்தப் பெண் ஈரமான கையை நீட்டினாள். ஹாரியட் பூல் அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மூன்றாவது கோப்பை எடுக்க அடுப்படிக்குப் போனாள். அந்தப் பெண்ணுக்கு எத்தனை சர்க்கரைக் கட்டி என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.