உரியவர் கையில் மட்டும்

1

இந்தக் கதை ஒரு வரிசையில் நின்றபோது கிடைத்தது. பத்திரிகைக்கு வேறொரு கதையை அனுப்பத் திண்டுக்கல்லில் ஒரு தபால் நிலையத்துக்குப் போயிருந்தேன். (எந்தத் தபால் நிலையம் என்று கேட்காதீர்கள். நாளைக்கும் நான் அங்கேதான் தபால் போட வேண்டும்.) வரிசை நகரவே இல்லை. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு உறையையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, ஒட்டியது சரியில்லை, பின்கோடு தெளிவாக இல்லை என்று திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னைக்கு இம்புட்டு அக்கறை?" என்று கேட்டார் எனக்கு முன்னால் நின்றவர்.

"விதிப்படி வேலை செய்றோம்ங்கய்யா. போராட்டம் நடக்குது."

வேலையை ஒழுங்காகச் செய்வதையே போராட்டமாக நடத்தலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. உள்ளே தபால் பிரிக்கும் மேஜைக்குப் பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர், கல்யாண வீட்டில் யாரோ கையில் கொடுத்துவிட்டுப் போன குழந்தையை வைத்திருப்பவர் போல, ஓர் உறையை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தார். அவர் ஏன் முழித்தார் என்பதுதான் கதை. பிறகு டீ வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். கொஞ்சம் நானும் சேர்த்திருக்கிறேன். சேர்த்த இடங்களை முடிந்தவரை சொல்லிவிடுகிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மலைக்கோட்டைப் பாறையின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருந்த வேளையில், தொழிலாளர்களின் நெஞ்சில் கனன்றுகொண்டிருந்த"

வேண்டாம். திண்டுக்கல் கதை என்றால் கோட்டை, பூட்டு, பிரியாணி மூன்றும் வந்தாக வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். கோட்டை வந்துவிட்டது. மற்ற இரண்டும் வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து இப்படி: "தோழர்களே! வரலாறு நம்மைப் பார்த்துக்கொண்டு"

வரலாறு அன்றைக்கு வரவில்லை. தபால் நிலைய வாசலில் நடந்த சங்கக் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது எதிர்க்கடை டீ மாஸ்டர் மட்டும்தான், அவரும் எத்தனை கிளாஸ் போட வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக.

3

சனாவுல்லா பேகம்பூர்க்காரர். தபால்காரர், தபால் ஊழியர் சங்கத்தின் கிளைச் செயலாளர். மைக் கையில் கிடைத்தால் கீழே வைக்க மாட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் சத்தமே இருக்காது. "வெளியில மைக்கு, உள்ள மியூட்டு" என்று அவர் மனைவி மெஹராஜ் சொல்வதுண்டு. (இது நான் சேர்த்தது. மெஹராஜ் உண்மையில் சொன்னதை அச்சில் போட முடியாது.)

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தை. எதையெல்லாம் பேச வேண்டும் என்று சங்கம் எழுதி அனுப்ப வேண்டும். கடிதம் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கோட்டக் கண்காணிப்பாளரின் கைக்குப் போய்விட வேண்டும். தபால்காரர்கள் அவரைச் சூப்ரண்டு என்பார்கள். ஐந்து மணிக்குப் பிறகு வருவது பேச்சில் சேராது.

கோரிக்கைகள் நிறைய. ஒழுகும் கூரை, மழைக்கோட்டு, பாதி வேலையில் உறைந்துபோகும் போன், ஆள் பற்றாக்குறை. இவை வருடா வருடம் போவதுதான். பொருளாளர் மரியராஜ் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். இந்த முறை புதிதாக ஒன்று இருந்தது. அது கௌசல்யாவின் விஷயம்.

கௌசல்யா குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் தபால் பட்டுவாடா செய்கிறார். பக்கத்து ஊர்த் தபால்காரர் ஓய்வு பெற்றதும், அந்த இடத்துக்கு ஆள் போடாமல், தற்காலிக ஏற்பாடு என்று அந்த ஊரையும் இவர் தலையில் கட்டினார்கள். வரும் ஒன்றாம் தேதி முதல் அது நிரந்தரம் என்று உத்தரவு வந்திருந்தது. பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொண்ட விஷயமாக இருந்தால், பேசி முடிக்கும்வரை உத்தரவை நிறுத்தி வைப்பது வழக்கம். இந்தக் கடிதத்தில் போகாவிட்டால் நிரந்தரம்தான்.

"ரெண்டு ஊரையும் ஒருத்தி சுத்த முடியாதுண்ணே," என்று சனாவுல்லாவிடம் சொல்லியிருந்தார் கௌசல்யா. "பாதி நாள் இருட்டுன பெறகுதான் அந்தக் காட்டுப் பாதையில வண்டிய ஓட்டிக்கிட்டு வாரேன். பிள்ளைக தூங்கிப் போயிருதுக. நிரந்தரமாக்கிட்டாங்கன்னா நான் வேலைய எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சனாவுல்லா நாலு வார்த்தை சமாதானம் பேசியிருப்பார். இன்றைக்குச் சோற்றுக்கு என்ன வெஞ்சனம் என்று சொல்கிற குரலில் சொன்னார். அதனால்தான் சனாவுல்லாவுக்குப் பயம் வந்தது.

4

கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். என் மனைவியும் கேட்டாள்.

போன வருடம் கையில்தான் கொடுத்தார்கள். வரவில்லை என்றது ஆபீஸ், கொடுத்தோம் என்றது சங்கம். சண்டை முற்றி, இனிமேல் எல்லாம் தபாலில்தான் என்று இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். மின்னஞ்சல் போதுமே என்று சூப்ரண்டு சொன்னபோது மேஜையைத் தட்டியவர் சனாவுல்லா. "தபால்காரனே தபால நம்பலைன்னா ஊரு எப்படி சார் நம்பும்?" என்றார். நல்ல கைதட்டல்.

ஆகவே தபால். மரியராஜ் ஜாக்கிரதையான மனிதர். ஸ்பீட் போஸ்டில் போட்டதோடு அவருக்கு மனசு ஆறவில்லை. உரியவர் கையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும், அதுவும் அவர் போனுக்கு வரும் ஓடிபியைச் சொன்னால்தான் கொடுக்க வேண்டும் என்று கூடுதல் கட்டணம் கட்டிவிட்டார். போதாததற்கு, பதவியை எழுதாமல் மரியாதையாகச் சூப்ரண்டின் பெயரை எழுதினார்: உயர்திரு ஞானராஜ் அவர்கள். பதவிக்கு வந்திருந்தால் ஆபீஸில் தபால் வாங்கும் தீபா கையெழுத்துப் போட்டிருப்பார். பெயருக்கு வந்ததை ஞானராஜ்தான் வாங்கியாக வேண்டும்.*

செவ்வாய்க்கிழமை காலையில் அந்த உறை பட்டுவாடாவுக்கு வந்தது. சூப்ரண்டு ஆபீஸ் சனாவுல்லாவின் எல்லைக்குள் இருக்கிறது. ஞானராஜ் ஆபீஸில் இல்லை. சொந்த ஊரில் அந்தோணியார் திருவிழா என்று வியாழக்கிழமைவரை விடுப்பு.

மற்ற நாளாக இருந்தால் ஒரு போன், ஒரு சிரிப்பு, தீபாவின் ஒரு கையெழுத்து என்று முடிந்திருக்கும். ஆனால் திங்கள் முதல் விதிப்படி வேலை. "ஒரு எழுத்து பிசகக் கூடாது தோழர்களே" என்று வாசல் கூட்டத்தில் முழங்கியவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"ஏலே மரியராஜு, ஒன்னைய யாருலே ஓடிபி போடச் சொன்னது?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான் பாய்."

"யாருகிட்ட இருந்து?"

மரியராஜ் உறையைத் திருப்பிப் பார்த்தார். "இப்பப் பாத்தா, நம்மகிட்ட இருந்துதான் போல."

(* இந்த விதிகளைத் தபால் துறை வாசகர்கள் யாராவது திருத்தி எழுதினால் நன்றியுடன் பெற்றுக்கொள்வேன். தயவுசெய்து சாதாரணத் தபாலில் அனுப்புங்கள்.)

5

வேறு வழியில்லாமல் சனாவுல்லா சூப்ரண்டுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் பேண்டு வாத்தியம் முழங்கியது.

"சார், சனாவுல்லா. ஒங்க போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும்."

"வந்திருக்கு. என்ன தபாலு?"

"சங்கத்துக் கடிதம் சார். வெள்ளிக்கிழமை பேச வேண்டியது. நம்பரச் சொன்னீங்கன்னா..." விதிப்படி வேலையின் தலைவர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார். "ஒங்க கையில குடுத்ததாப் பதிஞ்சுட்டு, தீபாம்மாகிட்ட குடுத்துருவேன்."

பேண்டு வாத்தியம் ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கியது.

"சனாவுல்லா, ஓடிபிய போன்ல யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சுற்றறிக்கை போட்டது யாரு?"

"நீங்கதான் சார்."

"அத போர்டுல ஒட்டுனது?"

"நான்தான் சார்."

"அப்பறம்? நீங்க விதிப்படி வேலை பாக்குறீங்க. நானும் இதே டிபார்ட்மெண்டுதானய்யா. எங்க ஊரு முகவரிக்குத் திருப்பி விடுங்க. வீட்டுலதான் இருப்பேன். வந்து நேர்ல கேட்டா நம்பர் சொல்றேன், வாங்கிக்கிறேன். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வரணும், அம்புட்டுத்தான்."

(ஞானராஜை வில்லனாக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். சிரிப்பை மாற்றிப் பார்த்தேன். ஆனால் அவர் பேசியதில் எது தப்பு என்று என்னால் காட்ட முடியவில்லை. வில்லன் இல்லாமல் தொழிற்சங்கக் கதை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.)

6

இங்கே நான் ஒரு வேலை செய்திருக்கிறேன். சூப்ரண்டின் சொந்த ஊர் உண்மையில் வேறெங்கோ இருக்கிறது. அதை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து, கௌசல்யா தலையில் கட்டிய அந்த இரண்டாவது ஊரில் வைத்துவிட்டேன். எழுத்தாளன் ஊரை இடம் மாற்ற யாருடைய உத்தரவும் தேவையில்லை.

உறையின் மேல் புது முகவரியை எழுதும்போது சனாவுல்லாவின் பேனா ஊர்ப் பெயரில் நின்றுவிட்டது. இந்த ஊருக்கு யார் பட்டுவாடா என்று அவருக்குத் தெரியாதா? புதன்கிழமை கௌசல்யா தன் ஊரை முடித்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஐந்து மணிக்குள் போய்விட்டால் கோரிக்கை பேச்சுக்கு வரும். அப்போது ஞானராஜ் என்ன சொல்வார்? ரெண்டு ஊரையும் சுத்திட்டு வெளிச்சத்துலேயே என் வாசல்ல வந்து நின்னாங்களே, நான்தானே வாங்குனேன் என்பார். ஐந்து மணிக்குள் போக முடியாவிட்டால், ஒருத்தியால் இரண்டு ஊர் ஆகாது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் சாட்சி சொல்லக் கோரிக்கையே இருக்காது.

சூப்ரண்டு ஊருக்கு முதலில் போகச் சொல்லலாமே? உத்தரவில் கௌசல்யாவின் பழைய ஊர் முதலில், சேர்த்த ஊர் பிறகு என்று இருக்கிறது. ஒரு எழுத்து பிசகக் கூடாது.

7

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) கௌசல்யா நேரத்துக்குப் போய்விடுகிறார். ஞானராஜ் கையெழுத்துப் போட்டு, உட்காரச் சொல்லி, திருவிழாச் சாப்பாடு போடுகிறார். வெள்ளிக்கிழமை கோரிக்கை

இதை மேலே எழுத மனசு வரவில்லை. அந்தச் சாப்பாடு கௌசல்யாவின் தொண்டையில் இறங்காது.

ஆ) இருட்டிப்போய்ச் சேர்கிறார். ஞானராஜுக்கு மனசு இளகி, நேரத்தை மாற்றிப் போட்டுக்கொள்ளச் சொல்கிறார். பட்டுவாடா நேரத்தைத் தானாகவே பதிகிற போன் சம்மதிக்க மாட்டேன் என்கிறது.

இ) ஞானராஜ் பைக்கை எடுத்துக்கொண்டு தானே எதிரில் வந்து, பாதி வழியில் வாங்கிக்கொள்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். டீக்கடையில் சனாவுல்லாவுக்கு வாசித்துக் காட்டினேன். டீயை வைத்துவிட்டு, "வாசல்லதான் சார் பட்டுவாடா. நடுரோட்டுல குடுத்தா விதிமீறல்" என்றார். அடித்துவிட்டேன்.

8

புதன்கிழமை பகலில், கௌசல்யா முதல் ஊரில் பாதி முடித்திருந்தபோது சனாவுல்லா போன் செய்தார். எல்லாவற்றையும் சொன்னார். ஓடிபி, சுற்றறிக்கை, ஊர், ஐந்து மணி. அந்தப் பக்கம் எங்கோ ஆடு கத்தியது.

"அப்ப நான் வெரசாப் போகவா, மெதுவாப் போகவாண்ணே? எது நமக்கு நல்லது?"

சனாவுல்லாவுக்கு, மைக்கில் கைதட்டல் வாங்குவதற்காகத் தான் பேசிய ஒவ்வொரு பேச்சும் வரிசையாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

"தெரியலை தங்கச்சி. என்னைய மன்னிச்சுக்க. ஒன் வேலைய நாங்க எல்லாருமாச் சேந்து கட்டிப் போட்டுட்டோம்."

"அட, விடுங்கண்ணே." அவர்தான் இவரைத் தேற்ற வேண்டியிருந்தது. "நான் எப்பவும் போறபடியே போறேன். வெரசாப் போனா வழியில யாரையாவது விட்டுட்டுப் போகணும். வேணும்னே மெதுவாப் போனா அது பொய்யி. கூப்புட்டாங்கன்னா நிப்பேன், கூப்புடலைன்னா போய்க்கிட்டே இருப்பேன். அதுக்கு மேல நேரம் என்ன ஆகுதோ, அது ஆகட்டும்."

போனை வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

9

எப்போதும் போகிறபடி போனால் எத்தனை மணிக்குப் போய்ச் சேருவார் என்று சனாவுல்லாவிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சில நாள் ஐந்துக்கு முன்பே போய்விடுவாராம். சில நாள் விளக்கு வைத்த பிறகு. யார் யார் நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருவருக்குப் பென்ஷன் வாங்க விரல் ரேகை விழாது. ஒருவருக்கு மகன் அனுப்பிய பார்சலைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒருவருக்கு ஒன்றும் இல்லை, பேச ஆள் வேண்டும்.

அந்தக் கடிதம் உண்மையில் என்ன ஆனது என்பது சனாவுல்லாவுக்குத் தெரியும். என்னிடம் சொல்ல வந்தபோது நான்தான் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அதற்காக உங்களைச் சும்மா அனுப்புவதாக இல்லை. இரண்டாவது ஊருக்குச் சற்று முன்னால், பாதையோரத்தில் உங்களுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறேன். வாசலில் நிற்கிறீர்கள். பேங்கிலிருந்து ஏதோ கடிதம் வந்திருக்கிறது. படித்துப் பார்த்தும் விளங்கவில்லை. தபால்காரம்மா வந்தால் கேட்டுக்கொள்ளலாம் என்று காலையிலிருந்து கையில் வைத்திருக்கிறீர்கள். வெயில் சாய்ந்துவிட்டது, ஐந்து அடிக்கப் போகிறது.

ஸ்கூட்டி வருகிறது. பையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நிறுத்தினால் கோரிக்கை கெடும், நிறுத்தாவிட்டால் சாட்சி கெடும் என்பதும் தெரியும். கூப்பிட்டால் அவர் நிற்பார்.

உங்கள் வீடு வந்ததும் கௌசல்யா வேகத்தைக் குறைத்து உங்களைப் பார்க்கிறார்.