மக்கிய கல்

களியை உருட்டி வாயில் போட்டதும் சகாயத்தின் பல்லில் நறுக்கென்று மண் கடிபட்டது. அது எந்த மண் என்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. வாலிபத்திலிருந்து உளியும் சுத்தியுமாகவே காலம் தள்ளிய மனுஷன். தன் கையால் கொத்திய கல்லின் பொடி நாக்கில் பட்டால் தெரியாமலா போகும்? துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலுக்கு முந்தின வருஷம். மகள் சாந்தாமேரியை ஜமுனாமரத்தூர்ப் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, ஆலங்காயத்திலிருந்து மர லாரி ஏறி அவர் அந்த வீட்டுக்கு வருவது இதுதான் முதல் தடவை. வந்த இடத்தில் இப்படி.

பரிமாறிக்கொண்டிருந்த சம்பந்தியம்மா சலேத்தம்மாளுக்கும் அந்த நறுக் காதில் விழுந்துவிட்டது.

"இன்னிக்கும் மண்ணா?" என்று மருமகள் பக்கம் திரும்பினாள். "பெத்த அப்பன் வந்துருக்காரு, இன்னிக்காவது கேவுரை ஒழுங்கா கொழிக்கக் கூடாதா? எத்தினி தபா சொல்றது உனுக்கு? எம்புள்ள பிலிப்பு தெனமும் மண்ணைத் தின்னுட்டுதான் காட்டு வேலைக்குப் போறான்."

"அவசரத்துல சரியா கொழிக்கல அத்தே. என் தப்புதான்" என்றாள் சாந்தாமேரி, தலையைக் குனிந்துகொண்டு.

பச்சைப் பொய். காலையில் வந்து இறங்கும்போதே சகாயம் பார்த்தார்: முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொழித்த கேழ்வரகையே திரும்பத் திரும்பக் கொழித்துக்கொண்டிருந்தாள். தானியத்தில் குற்றம் இல்லை. குற்றம் மூலையில் கிடந்த, மாவு அரைக்கும் ஏந்திரத்தில் இருந்தது. அவளுக்குச் சீர்வரிசையாக அவர் கொத்திக் கொடுத்த ஏந்திரம்.

ஜவ்வாது மலைக் கல்லைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மலைமேல் மழைக்கும் குறைவில்லை, வெயிலுக்கும் குறைவில்லை. சருகு மக்கிக் கிடக்கும் மண்ணில் ஊறி இறங்குகிற தண்ணீர், பாறையின் வெடிப்பில் புகுந்து காலங்காலமாக அதைத் தின்னும். வெளித்தோல் துருப்பிடித்த இரும்பு மாதிரி சிவந்து, வெங்காயச் சருகு போல அடுக்கடுக்காகக் கழலும். அதற்கு அடுத்தது பழுப்பு. பார்த்தால் கல்தான், தொட்டாலும் கல்தான். ஆனால் உள்ளே மணிக்கு மணி பிடிப்பு விட்டுப்போய், வெள்ளை மணிகள் களிமண்ணாக ஆரம்பித்திருக்கும். அதையும் உரித்தெறிந்து, நடுவில் நீலமாக உட்கார்ந்திருக்கும் கருவை எடுத்தால்தான் வேலைக்கு ஆகும். தட்டினால் கணீர் என்னும். ஆலங்காயத்து ஓடையில் ஜனங்கள் வாரும் மணலும், ஏரியில் படியும் செவ்வண்டலும் ஒரு காலத்தில் இந்தப் பாறையாக இருந்தவைதான்.

இவ்வளவும் தெரிந்தவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். மகளுக்கென்று எடுத்து வைத்திருந்த நீலக்கல்லில் மாதா கோயிலுக்குத் தீர்த்தத் தொட்டி கொத்திக் கொடுத்துவிட்டார். சாமியார் பூசையில் பேரைச் சொல்லிப் பாராட்டினார். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்குள் கல்யாணம் நெருங்கிவிட்டது. இன்னொரு பாறையைக் கருவரைக்கும் உரிக்கப் பொறுமை இல்லை. பழுப்பிலேயே நிறுத்திக்கொண்டார். உளி சிரமமில்லாமல் இறங்கியது. தட்டினால் தொப்பென்றது. அது அவருக்கு நன்றாகவே காதில் விழுந்தது. மேலே எண்ணெயும் அடுப்புக்கரியும் தேய்த்துக் கறுப்பாக்கி லாரியில் ஏற்றி அனுப்பினார்.

புது ஏந்திரம் கொஞ்ச நாள் மண் விடத்தான் செய்யும். தவிட்டைப் போட்டு அரைத்துக் கொட்டினால் நின்றுவிடும். இந்த வீட்டிலும் தவிடு அரைத்துக் கொட்டினார்கள். அதற்குப் பிறகு கல்லைச் சந்தேகப்பட யாருக்குத் தோன்றும்? கல்வேலைக்காரர் சொந்த மகளுக்குக் கொத்திய கல் ஆயிற்றே. பழியெல்லாம் முறம் பிடித்தவள் தலையில் விழுந்தது.

சாப்பாடு முடிந்து சலேத்தம்மாள் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் பின்பக்கம் போனாள். சகாயம் ஏந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, மேல்கல்லைத் தூக்கி உள்ளே தடவினார். உள்ளங்கை முழுக்கப் பழுப்பு மணல்.

"தொடாதீங்க நைனா" என்று சாந்தாமேரி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அத்தை பாத்துடுவாங்க."

"உனுக்குத் தெரியுமா?"

"வந்த மாசமே தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? எங்க நைனா கையால கொத்துனதுன்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டேன். கல்லு உள்ளாற மக்கிக் கெடந்தா நீங்க இன்னா பண்ணுவீங்க, பாவம். உங்களையே ஏமாத்திடுச்சு. உங்க பேரு கெடறதுக்குப் பதிலா நான் நாலு திட்டு வாங்கிட்டுப் போறேன்."

அந்தப் 'பாவம்' அவரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் மகளே ஒரு வழி காட்டிவிட்டாள். கல் ஏமாற்றிவிட்டது என்று சொன்னால் போதும். அவள் மேல் இருக்கிற பழி போகும், தன் மானமும் தப்பும். சலேத்தம்மாள் உள்ளே வந்ததும் அப்படியே ஆரம்பித்தார்.

"சம்பந்தியம்மா, எம்மவளைத் திட்டாதீங்க. மண்ணு கேவுருல இல்ல. இது மக்கின கல்லு."

சலேத்தம்மாள் குனிந்து கல்லைத் தடவினாள், கையைப் பார்த்தாள். அவள் முகம் சுண்டிப்போனது. "இத்தினி மாசமா இந்தப் பொண்ணைப் போயி..." என்றவள் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, "போவுது விடுங்கண்ணே. கல்லுக்குள்ள இன்னா இருக்குதுன்னு யாரு கண்டா? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்" என்று அவருக்கும் சேர்த்துச் சமாதானம் சொன்னாள்.

அதோடு விட்டிருக்கலாம். சகாயம் மகளைத் திரும்பிப் பார்த்தார். அப்பனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி அவள் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. அதை அவரால் தாங்க முடியவில்லை.

"தெரியும்மா" என்றார். "கொத்தும்போதே தெரியும். நல்ல கல்லைக் கோயிலுக்குக் குடுத்துப் பேரு வாங்கிக்கினேன். இதைக் கரி பூசி அனுப்பிச்சேன்."

வெளியே ஆடு கத்திக்கொண்டிருந்தது.

"தெரிஞ்சேவா நைனா?" என்று கேட்டாள் சாந்தாமேரி.

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் அவர் பக்கத்திலிருந்து எழுந்து போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.