மெம்பர் எடுத்த குடிமையியல் வகுப்பு

செல்வப்பிரியா தலைமையாசிரியை ஆன முதல் வருஷமே அந்த சர்க்குலர் வந்து சேர்ந்தது. ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு பீரியட் குடிமையியல் நடத்த வேண்டும். யார் நடத்துவது என்று மட்டும் அதில் இல்லை. கருவேலம்பதி அரசுப் பள்ளியில் இருந்த நான்கு டீச்சர்களுக்கும் ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை. தினக்கூலிக்கு ஒருவரைப் போடலாம். ஆனால் சம்பளம் பெற்றோர் சங்கம்தான் தர வேண்டும். சங்கத் தலைவர் காளிச்சாமி. இருபது ஏக்கர் தென்னந்தோப்புக்காரர், வார்டு மெம்பரும் அவரே.

"குடிமையியலுக்கு எதுக்குங்க டீச்சர் சம்பளம்? அதென்ன கணக்கா, இங்கிலீஷா? ஓட்டுப் போடறது எப்படீன்னு சொல்லிக் குடுத்தா ஆச்சு" என்றார்.

மூன்று முறை கேட்டும் இதே பதில்தான். மூன்றாவது முறை செல்வப்பிரியாவுக்கு உள்ளுக்குள் ஏதோ குறுகுறுத்தது.

"அப்ப நீங்களே எடுங்களேன், மெம்பர். உங்களைவிட அனுபவஸ்தர் இந்தப் பக்கம் ஆருங்க இருக்காங்க?"

காளிச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். புதன்கிழமை காலை வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் ஏழாம் வகுப்பில் நின்றார். பிள்ளைகள் எழுந்து "வணக்கம் சார்" என்றதும் முகமெல்லாம் பூரித்துப் போனது. முதல் பீரியட் முழுக்கத் தான் ஜெயித்த மூன்று தேர்தல்களின் கதையைச் சொல்லி முடித்தார். இரண்டாவது பீரியடில்தான் பாடப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்து அறை ஜன்னலோரம் நோட்டுத் திருத்துகிற சாக்கில் செல்வப்பிரியா காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"வார்டு வார்டா நடக்கற கிராம சபைல ஓட்டு இருக்கற ஆரு வேணும்னாலும் எந்திரிச்சுக் கேள்வி கேக்கலாம். மெம்பர் பதில் சொல்லியே ஆகோணும்."

அனுப்பிரியா என்ற பெண் கையைத் தூக்கினாள். "நம்ம வார்டுல கிராம சபை எப்பங்க சார் நடந்துச்சு?"

"போன மாசங்கூட நடந்துச்சே, கண்ணு."

"எங்கம்மா போகவே இல்லீங்களே. மருதாத்தாள் அக்கா நோட்டக் கொண்டாந்து கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போனாங்க."

மருதாத்தாள் மெம்பரின் மனைவி. காளிச்சாமி கர்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அது வந்து... வீடு தேடி வர்ற கிராம சபை" என்றார்.

முப்பது பிள்ளைகளும் அதை ஒரு பாயிண்டாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். செல்வப்பிரியா சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சிரித்தாள்.

அன்று சாயங்காலமே வீட்டுப்பாடம் கொடுத்தாள். அடுத்த கிராம சபைக்கு ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து இரண்டு பெரியவர்களை அழைத்து வர வேண்டும். அவர்கள் கேட்க வேண்டிய கேள்வியையும் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து மார்க். மார்க் என்றால் கருவேலம்பதி அம்மாக்கள் கறக்கிற மாட்டைக்கூடப் பாதியில் விட்டுவிட்டு வருவார்கள்.

வழக்கமாக இருபது நாற்காலி போட்டால் ஆறு மிஞ்சும்; மற்றவர்கள் நோட்டில் கையெழுத்தாக மட்டும் வருவார்கள். அடுத்த சபை கூடிய ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் இடமில்லாமல் ஆட்கள் வெளியே வேப்பமரத்தடி வரை நின்றார்கள். மருதாத்தாள் டீக்கு மூன்று தடவை கடைக்கு ஆள் அனுப்பினாள். ஆளாளுக்குக் கையில் கோடு போட்ட காகிதம்.

அனுப்பிரியாவின் அம்மா எழுந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "பள்ளிக்கூடத்துத் தடத்துக்குன்னு பாஸான தெருவிளக்கு, மெம்பரோட தோப்புல மோட்டார் ரூமுக்கு முன்னால எப்படீங்க நிக்குது?"

காளிச்சாமி மனைவியைப் பார்த்தார். அவள் டீ டம்ளர்களை எண்ணுவதில் மும்முரமாக இருந்தாள். ஏதாவது ஒரு கதை விடுவார் என்றுதான் செல்வப்பிரியா எதிர்பார்த்தாள்.

"தப்புத்தானுங்க" என்றார் காளிச்சாமி. "இருட்டுல மோட்டார் போடப் போனா பாம்பு பயமுங்க."

"எங்க புள்ளைங்கள மட்டும் பாம்பு பாத்து ஒதுங்கிப் போயிருமுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஹாலே சிரித்தது. மெம்பருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சரீங்க. என்ர செலவுலயே மாத்தித் தர்றனுங்க" என்றார்.

கூட்டம் கலைந்ததும் நேராகத் தலைமையாசிரியை அறைக்கு வந்தார். "டீச்சர், அந்தத் தினக்கூலி டீச்சரையே போட்டுருங்க. கம்பம் நவுத்தற செலவுக்கு ரண்டு வருசச் சம்பளமே குடுத்திருக்கலாமுங்க. புத்தகத்துல இன்னும் ஆறு பாடம் பாக்கி இருக்குது. அதுலெல்லாம் என்னென்ன வெச்சிருக்கறாங்களோ!"

"அய்யோ, பிள்ளைங்க உங்ககிட்டத்தான் படிப்போம்ங்கறாங்களே" என்றாள் செல்வப்பிரியா, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு.

"வேண்டாமுங்க. நீங்க அடுத்த எலெக்சன்ல நிக்காம இருந்தீங்கன்னா அதே போதும்" என்று கும்பிடு போட்டுவிட்டுப் போனார். பத்து நாளில் விளக்குக் கம்பம் தடத்துக்கு வந்தது.

புது டீச்சர் டின்சி மலைமேல் இருக்கும் சூரியநெல்லிக்காரி, தேயிலை எஸ்டேட் தொழிலாளிக் குடும்பத்துப் பெண். வந்த வாரமே மனு எழுதுவது எப்படி என்று நடத்தினாள். செல்வப்பிரியா ஜெயித்த மிதப்பில் நாற்காலியில் சாய்ந்திருந்தபோது, அனுப்பிரியா ஒரு காகிதத்தை மேஜையில் வைத்தாள். கீழே முப்பது கையெழுத்து.

'லைப்ரரி அறை இந்த வருடம் முழுக்கப் பூட்டியே இருக்கிறது. உள்ளே தலைமையாசிரியை அவர்களின் ஸ்கூட்டர் நிற்கிறது. புத்தகங்களுக்கு மூச்சு முட்டுகிறது. தயவுகூர்ந்து ஆவன செய்ய வேண்டுகிறோம்.'

செல்வப்பிரியாவுக்குக் காது மடல் சூடானது. வாசலில் நின்ற டின்சி பதறிப்போய், "நான் மாதிரிக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்கன்னுதாம் சொன்னேன் டீச்சர். இவுங்க நெசமாவே எழுதிட்டாவ" என்றாள்.

வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. இனி ஸ்கூட்டர் வெயிலில் நின்று சீட்டு கொதிக்கப்போவதை நினைத்துப் பெருமூச்சு விட்டபடி, மனுவின் ஓரத்தில் 'அனுமதிக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அனுப்பிரியா அதை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்தாள்.

"தேதி போடலீங்களே, டீச்சர். சீலும் வேணுங்க."