காதில் சொன்ன பெயர்

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் மற்ற வாக்கியங்களையும் நம்பமாட்டீர்கள்.

காக்ஸ் டவுனில் ஹெலன் ஆன்ட்டி வீட்டு மாடியில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். கீழே அவருடைய மகள் ஜோவிதா, பிரசவத்துக்கு வந்தவள், கைக்குழந்தையோடு இருக்கிறாள். பெண் குழந்தை. ஐந்தாம் மாதம் ஜோகுபாளையத்தில் இருக்கும் கணவன் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இப்போது ஏழாம் மாதம் முடியப்போகிறது. இன்னும் போகவில்லை.

அதற்கு நான்தான் காரணம். [அடித்தேன்.] நானும் ஒரு காரணம். [இதையும் அடித்திருக்க வேண்டும். விட்டுவிட்டேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘அந்தக் குழந்தைக்கு மூன்று பெயர்கள் இருந்தன.’

உண்மையில்லை. ஒரே பெயர்தான், அதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள்.

இரண்டாவது முயற்சி: ‘குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த தாளில்’ —

வேண்டாம், நேராகச் சொல்கிறேன். ஹெலன் ஆன்ட்டிக்கு லேயா. ஆங்கிலத்தில் கடைசியில் ஹெச் வரவேண்டும், சபையில் அப்படித்தான் எழுதுவார்களாம். ஜோவிதாவின் கணவன் சித்தார்த்துக்கு லியா. அவன் கோலார் தங்கவயலிலிருந்து வந்த பௌத்தக் குடும்பத்துப் பையன். நாலே எழுத்து போதும், ஹெச் வேண்டாம் என்றான். ஜோவிதா இரண்டுக்கும் நடுவில் லெயா என்று ஒன்றை எழுதிப் பார்த்தாள். அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாடிப்படியில் நின்றபோது கேட்டது இது.

“லியான்னா ஏதோ ஷாம்பு பேரு மாதிரி இல்ல மாப்ளே?”

“லேயான்னு வச்சா நம்ம ஊர்ல ‘ஏ லே’ன்னு கூப்பிடுவாங்க ஆன்ட்டி. கன்னடத்துல ‘லே’ன்னா எவ்ளோ மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்.”

“நான் பொறந்ததே இந்த ஊர்ல. எனக்கே கன்னடமா?”

“ஸ்வல்ப பொறுங்க, கோவிச்சுக்காதீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஹெச் சேர்ந்தால் அடுத்து ஞானஸ்நானம் வரும் என்று சித்தார்த் சந்தேகப்பட்டான். ஹெச் போனால் கூடவே சபையும் போய்விடும் என்று ஹெலன் ஆன்ட்டி சந்தேகப்பட்டார். இருவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. இது என் ஊகம். ஆனால் இதுவரைக்கும் நீங்கள் நம்பிவிட்டீர்கள் அல்லவா? அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

3

இழுபறியில் பெயர் வைப்பதே நான்காம் மாதம்வரை தள்ளிப்போயிற்று. கடைசியில் சித்தார்த் ஒரு வழி சொன்னான். அவர்கள் வீட்டு வழக்கப்படி பெயரைக் குழந்தையின் காதில் அத்தை மூன்று முறை சொல்வாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொல்வாள். “எங்கக்கா எப்படிச் சொல்றாங்களோ அதான் பேரு. அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கக்கூடாது.” ஹெலன் ஆன்ட்டியும் ஒத்துக்கொண்டார்.

அக்காவின் பெயர் மலர். தங்கவயலிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்கினாள். குழந்தையை மடியில் வாங்கி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு குனிந்தாள். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். சொல்லி முடித்து நிமிர்ந்து, “லியா” என்றாள். சித்தார்த் கைதட்டினான். ஹெலன் ஆன்ட்டி கேசரியைக் கிளறிவிட உள்ளே போனார். அது ஏற்கெனவே கிளறி இறக்கியாகிவிட்டது.

லியா என்று மூன்று முறை சொல்ல ஒரு மூச்சு போதும். மலர் குனிந்திருந்தது கால் நிமிடம்.

4

சாயங்காலம் ஜோவிதா தட்டில் கேசரியோடு மாடிக்கு வந்தாள்.

“எல்லாம் நல்லா நடந்துச்சுல்லக்கா?”

நான் வெகுநேரம் பேசவில்லை.* பிறகு கேட்டேன்: “மூணு தடவை சொல்றதுக்கு அவ்வளவு நேரமா?”

சொன்னது அவ்வளவுதான்.

* இது என் பழக்கம். நீண்ட மௌனத்துக்குப் பின் வரும் பேச்சு எடைபோட்டு வருகிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் எனக்கு வார்த்தை கிடைத்திருக்காது. கிடைத்த முதல் வார்த்தையைச் சொல்லிவிடுவேன்.

ஜோவிதா அன்று இரவே சித்தார்த்திடம் கேட்டிருக்கிறாள். “எங்கக்கா எதுலயும் ஸ்லோ” என்று அவன் சிரித்தான். மறுநாள் மறுபடி கேட்டாள். அவன் சிரிக்கவில்லை. மலருக்கே போன் செய்தாள். “காதுல சொன்னது காதுக்குத்தாம்மா. அதை வெளிய சொல்றது இல்ல” என்றாள் மலர்.

நியாயமான பதில்தான். ஆனால் சந்தேகப்படும் ஒருத்திக்கு அதைவிட மோசமான பதில் கிடையாது.

“லியான்னு மட்டும் சொல்லியிருந்தா, சொன்னேன்னு சொல்றதுக்கு என்னக்கா?” என்று என்னிடம் வந்து கேட்டாள். “உள்ள வேற பேரு வச்சிருக்காங்க. எம்பொண்ணு காதுல என்ன போட்டாங்கன்னே தெரியாம அவளை எந்த வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறது?”

பெயரில்லாத பிறப்புச் சான்றிதழ் வீட்டில் கிடந்தது. தடுப்பூசி அட்டையில் ‘ஜோவிதாவின் குழந்தை’. பெயர் சேர்க்கும் விண்ணப்பத்தில் சித்தார்த் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். “நீயே எழுது ஜோவி. ஹெச் போடு, போடாத, உன் இஷ்டம். வீட்டுக்கு வந்தா போதும். தெனம் இங்க வந்து விருந்தாளி மாதிரி உக்காந்துட்டுப் போறது ஒரே பேஜாரா இருக்கு.”

அவள் அதையும் சந்தேகப்பட்டாள். மூன்று மாதம் ஓர் எழுத்துக்காகச் சண்டை போட்டவன் இப்போது ஏன் விட்டுக்கொடுக்கிறான்? உண்மைப் பெயர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டதால்தானே?

5

முடிவுகள். மூன்று தாள்களில் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

அ) மலர் சொன்னது இறந்துபோன தன் அம்மாவின் பெயரை. சாத்தியம்தான். ஆனால் நீங்கள் மூன்றாம் பகுதியிலேயே இதை யூகித்திருப்பீர்கள்.

ஆ) சபைக்குப் போகும் வீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் தங்கள் வழிபாட்டு வரிகளைக் குழந்தைக்குச் சொல்லிவிட்டாள். இதை எழுதும்போது பேனா வேகமாக ஓடியது. அதனால் நிறுத்தினேன். மலரை ஏன் இத்தனை சுலபமாகக் கள்ளியாக்க முடிகிறது? அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தது: தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவினாள். கிளம்பும்போது என்னிடம், “நீங்க அதிகம் பேசமாட்டீங்களோ? நானும் அப்படித்தான்” என்றாள். இவ்வளவுதான் என் கதாபாத்திரம். இதை வைத்துக்கொண்டு ஒரு சதியைக் கட்டுவது

[வாக்கியம் முடியவில்லை. முடிக்க விருப்பமுமில்லை.]

இ) லேயா, லியா, லெயா மூன்றையும் மும்மூன்று முறை சொன்னாள். ஒருவர் மனமும் கோணக்கூடாது என்று. மொத்தம் ஒன்பது, அதனால்தான் அவ்வளவு நேரம். இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன். எழுதியவருக்கே இத்தனை நிம்மதி தருகிற முடிவை எப்படி நம்புவது?

6

நேற்று ஜோவிதா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிக்கு வந்தாள். மேஜையில் தாள்கள் விரிந்திருந்தன. நான் மறைக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். குழந்தை ஒரு தாளின் முனையை வாயில் வைத்துக்கொண்டது.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூன்றாவது தாளைத் தொட்டாள்.

“இதையே எழுதிடுங்கக்கா.”

“இது நான் இட்டுக்கட்டினது.”

“தெரியும். நீங்க பக்கத்துல இருந்தவங்க. நீங்க எழுதினா நான் நம்பிக்கிறேன். நம்பிட்டு நாளைக்கே கெளம்பிடுறேன். எனக்கும் முடியலக்கா.”

ஒரு வரி எழுதினால் போதும். குழந்தை தன் வீட்டுக்குப் போய்விடும். சித்தார்த் தினமும் வந்து மாமியார் வீட்டு முன்னறையில் செருப்பைக்கூடக் கழற்றத் தயங்கி நிற்க வேண்டாம். பொய்தான் என்றாலும் யாருக்கு நஷ்டம்?

அவள் காத்திருந்தாள், அன்று கேசரித் தட்டோடு காத்திருந்ததைப் போலவே. அதைப் பார்த்த பிறகு வேறு வழியில்லை.

“ஜோவிதா, அன்னிக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் மணி பார்க்கல. கால் நிமிஷம்ங்கிறது இங்க எழுதும்போது வந்தது.”

“அப்ப நேரமாச்சுன்னு சொன்னது?”

“அப்ப அப்படித் தோணுச்சு. நீ கேட்டே, எதாவது சொல்லணும்னு சொன்னேன்.”

“மூணு மாசம்க்கா.” அவள் குரல் உயரவில்லை. “மூணு மாசமா அந்த மனுஷனைத் திருடனைப் பாக்குற மாதிரி பாத்திருக்கேன்.”

பிறகு என்னையே கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான்தான் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

“இது நெசமா? இல்ல, என்னை அனுப்பி வைக்கிறதுக்காகச் சொல்றீங்களா?”

நான் சொன்னது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லும் குரல் என்னைவிட்டு எப்போதோ போய்விட்டது.

7

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். குழந்தையை மடியில் சாய்த்துக்கொண்டு போனை எடுத்தாள். மணி போனது. மறுமுனையில் பாத்திரச் சத்தம், அதற்குள்ளிருந்து மலரின் குரல்: “சொல்லும்மா ஜோவி. பாப்பா எப்படி இருக்கா?”

“அண்ணி, அன்னிக்கு என்ன சொன்னீங்கன்னு கேக்குறதுக்குப் போன் பண்ணல. வேற ஒண்ணு கேக்கணும்.”

நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். துணி காயும் கொடியைத் தாண்டி, மாடியின் அந்தக் கோடி வரைக்கும் போனேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ஜோவிதா என்ன கேட்டாள், மலர் என்ன சொன்னாள், விண்ணப்பத்தின் காலிக் கட்டத்தில் எந்தப் பெயர் ஏறும் என்பதையெல்லாம் உங்கள் விருப்பப்படி எழுதிக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

நீங்கள் இன்னும் கதவருகிலேயே நிற்கிறீர்கள். இந்தப் பக்கம் வந்துவிடுங்கள்.