எந்த டின் என்று கேட்கவில்லை

1

‘எந்த டின்னு பதினெட்டு வருஷமா ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்.’

சுசீலா இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். இந்தக் கதைக்கு நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு: “தலைமுறை தலைமுறையாக, முந்திரி வறுபடும் மணத்தில்...” சே. அடித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்குச் சிங்கப்பூரில், ஈசூனில் ஒரு வீட்டில் முந்திரி டார்ட் தின்றேன். பிரமாதம் என்றேன். செய்தவர் சிரிக்கவில்லை. அந்த முகத்திலிருந்து கிளம்பியவள்தான் சுசீலா. மற்றதெல்லாம் கற்பனை.

2

அவள் கணவர் வீட்டில் ஒரு பழைய நோட்டு இருக்கிறது. மாமியார் கண்மணிக்கு அவருடைய மாமியார் கொடுத்தது. “பட்டர் ஒரு டின். மாவு மூணு டின். முட்டை நாலு.”

அந்த வீட்டில் டின் என்றால் அரிசி அளக்கும் பால் டின். பட்டர் கடையிலிருந்தே பெரிய டின்னில் வந்தது; மாவைக் கண்மணியும் பால் டின்னில்தான் அளந்தார். டார்ட் தட்டில் உருகி வழிந்தது. “எங்க மாமியாருக்கு மட்டும்தான் அது வரும்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார். மருமகளுக்கு வழிந்தபோது பெருமை இல்லை. “இவ கையில சூடு” என்றார், விருந்தாளிகள் முன்னால்.

மூன்று தீபாவளிகள் வழிந்தன. நான்காவதில் சுசீலா கண்டுபிடித்தாள். [பால் டின்னே இல்லை. பட்டரை வழித்தெடுத்த பிறகு காலியாகும் அதே]

3

சனிக்கிழமை நாத்தனார் மோகனப்பிரியா தேக்கா சந்தையிலிருந்து பைகளோடு வந்தாள்.

“அண்ணி, கிராம்ல எழுதிக் குடுங்க லா. சமூக மன்றத்துல சமையல் புக் போடறாங்க. ‘கண்மணி குடும்பத்துப் பாரம்பரிய டார்ட்’. போட்டோல அம்மாவும் நானும்.”

“நான்?”

“நீங்க செய்யணும்ல! ஐம்பது வேணும்.”

சோபாவிலிருந்து கண்மணி சொன்னார்: “அவ கைச்சூடு இப்பதானே அடங்கியிருக்கு. செய்வா.”

இங்கேதான் கதை மாட்டிக்கொண்டது. நான்கு வரைவுகளிலும் சுசீலாவைக் கிராம் கணக்கு சொல்ல வைத்தேன். நான்கிலும் பொம்மை மாதிரி ஒப்பித்தாள். ஒன்றில் நோட்டைக் கிழித்தாள். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. இன்னொன்றில் புத்தகத்தில் அவள் பெயரும் வந்தது, எல்லாரும் கட்டிக்கொண்டார்கள். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.

உங்களுக்கு அந்த முடிவுதான் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அலுத்துவிட்டது. பேனாவைக் கீழே வைத்தேன்.

4

சுசீலா நோட்டைக் கொண்டுவந்து நாத்தனார் முன்னால் விரித்தாள். “இதுல உள்ளதுதான் பிரியா. அப்படியே போட்டுக்க.”

மோகனப்பிரியா படித்தாள். நெற்றி சுருங்கியது.

“மூணு டின்னா? எந்த டின் அண்ணி?”

கேட்டுவிட்டாள்! நான் பேனாவைத் திரும்ப எடுத்தேன்.

சுசீலா மேசையில் திறந்திருந்த டார்ட் டப்பாவை மெதுவாக மூடினாள். “குடும்பத்து டின்தானே. அத்தைய கேளு.”

“அப்ப அந்த ஐம்பது?”

“அதுவும் அத்தை கையால செஞ்சாதான் பாரம்பரியம்.”

சோபாவில் கண்மணி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார்.

சுசீலா என் பக்கம் திரும்பினாள். “அந்த அடைப்புக்குறிக்குள்ள என்னமோ எழுதினீங்களே, அதையும் அடிச்சிருங்க.”

பாதிதான் எழுதியிருந்தேன். மீதியை எழுதவில்லை.