சுவரிலிருந்து எண்பத்தைந்து சென்டிமீட்டர்

அந்த ரீங்காரம் அவளுக்கு மட்டும்தான் கேட்டது. வீட்டிலிருந்தபடியே அச்சுப்பிழை திருத்துகிறவள். சின்ன அறையில், சன்னலுக்கு எதிர்ச்சுவரோடு ஒட்டி அவளுடைய நாற்காலி. சாய்ந்து உட்கார்ந்தால் போதும், யாரோ வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்பதுபோல ஆரம்பித்துவிடும்.

கணவன் இயற்பியல் வாத்தியார். கூப்பிட்டபோதெல்லாம் வந்தான். அவளுக்கு எதிரே நின்று காதைத் தீட்டினான், உதட்டைப் பிதுக்கினான்.

"ஒண்ணும் கேக்கலையேம்மா."

"எனக்கு ரொம்பக் கேக்குதுங்க."

"ரொம்பன்னா எவ்வளவு? அலகு சொல்லு."

எதற்கும் அலகு வேண்டும் அவனுக்கு. மாலையில் கூடத்தில் பாடம் படிக்க வரும் பெண்கள் வெறும் எண்ணைச் சொன்னால், "முன்னூத்தி நாப்பது என்ன? முட்டையா?" என்பான். முதுகுக்குப் பின்னால் அவன் பெயர் அலகு சார்.

காது டாக்டரிடம் மறுநாளைக்கு நேரம் வாங்கியிருந்தான். காதில் கோளாறு என்றால்கூடப் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை என்றுவிட்டால்? பிறகு தன் பேச்சைத் தானே எப்படி நம்புவது? அதுதான் அவளை அரித்தது.

அன்று மாலை பென்சில் உருண்டு விழுந்தது. எடுக்க முன்னே நகர்ந்தாள். ரீங்காரம் அடங்கிவிட்டது. சாய்ந்தாள், வந்தது. முன்னே வந்தாள், போயே போய்விட்டது. கூடத்திலிருந்து அவன் குரல்: "சுவத்துல மோதித் திரும்புற அலையும், வர்ற அலையும் சில எடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சிக்கும். அங்க நின்னா ஒண்ணும் கேக்காது."

அவள் எழுந்துபோய்க் கூடத்து வாசலில் நின்றாள்.

"என்னங்க, நீங்க எப்பவும் அங்கதான் வந்து நிக்கிறீங்க!"

கையிலிருந்த புத்தகத்தை மூடி வைத்தான். பிறகு விடுவிடுவென்று உள்ளே போய், முதல் தடவையாக அவள் நாற்காலியில் சாய்ந்தான்.

"ஐயோ, ஆமா!"

பெண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி அதிர்வெண் காட்டும் செயலியைத் திறந்து போனைச் சுவரோடு பிடித்தாள். "நூறு, சார்!"

"நூறு என்ன?"

"ஹெர்ட்ஸ்! தெருவுல இருக்கற டிரான்ஸ்ஃபார்மர், சார்!"

இன்னொருத்தி விரலால் காற்றிலேயே வகுத்தாள். "ஒலியோட வேகம் நொடிக்கு முன்னூத்தி நாப்பது மீட்டர். நூறால வகுத்தா அலைநீளம் மூணு புள்ளி நாலு மீட்டர். சுவத்துலேர்ந்து அதுல கால் பங்கு தூரத்துலதான் சத்தம் அழியும். எண்பத்தஞ்சு..." நாக்கைக் கடித்தாள். "சென்டிமீட்டர்!"

அவன் வழக்கமாக நிற்கும் இடம் வரை டேப் பிடித்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு. அப்புறம் நாற்காலிக்கு வரிசை. உட்கார்ந்தவளெல்லாம் "கேக்குதுக்கா, கேக்குது!" என்று கத்த, ஒவ்வொரு 'கேக்குது'க்கும் அவள் நெஞ்சிலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

"ரொம்ப ஸாரிம்மா. ஒரு தடவையாவது உக்காந்து பாத்திருக்கணும்."

"ரொம்பன்னா எவ்வளவு சார்?" என்றது வரிசை. "அலகு?"

அவன் தலையைச் சொறிந்தான். அவளுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"நாற்காலிய முன்னால இழுத்துப் போடட்டுமா?"

"நாளைக்குப் போடுங்க." சுவரோடு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்றைக்கு அது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கட்டும்.