முக்கூடல் வயலில் ஆட்ரியன் மதில்

பொதிகையில் பிறந்த பொருநை முக்கூடலைத் தழுவி நடக்க, பிசானப் பருவ நெல்நடவு முடிந்த வயல்கள் இருகரையும் பசுமை பூத்து விரிய, கொக்கினம் எழுந்தும் அமர்ந்தும் களிக்க, கார்த்திகைக் காலை அத்துணை இனிதாய்ப் புலர்ந்திருந்தது. ஆயின், அன்பரே, ஒருவர் நெஞ்சில் மட்டும் ஐயம் ஈரவிறகுபோல் புகைந்துகொண்டிருந்தது.

அவர் வண்ணார்பேட்டையில் வாழ்ந்த வரலாற்றுப் பேராசிரியர் தாணுமாலையன். முன்னோர் நிலமெல்லாம் கைநழுவிப்போக, எஞ்சியது இவ்வொரு வயலே. குத்தகைக்காரர் விலகியதால் அந்தத் தொண்ணூற்று நான்காம் ஆண்டில்தான் முதன்முறையாகத் தாமே பயிரிட்டார். விடுமுறைதோறும் முதற்பேருந்தில் வந்திறங்கினால், மேல்வயலுக்குரிய சேக் முகம்மது மண்வெட்டியோடு பொதுவரப்பில் குனிந்து நிற்பார். வரப்பு வெட்டுண்டு கிடக்கும். பேராசிரியர் கேட்டாரா? கேட்கவில்லை! தாமே முடிவு கட்டிக்கொண்டார்.

"கொஞ்சங் கொஞ்சமா நம்ம மண்ணை அரிச்சு எடுக்குதான்" என்று மனைவி பிரம்மநாயகியிடம் குமுறினார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை கேட்டாத்தான் என்ன?"

"எந்தத் திருடன் உண்மையைச் சொல்லுதான்?"

முன்னவன் வென்ற கீழைநாடுகளைக் கைவிட்டு, உள்ளதைக் காப்பதே அரசென்று வடவெல்லையில் கடல்தொட்டுக் கடல்வரை மதிலெழுப்பிய உரோமப் பேரரசன் ஆட்ரியனை அவர் புகழாத வகுப்பில்லை. "அடுத்தவன் மண் வேண்டாம், என் மண்ணில் ஒருபிடியும் விடேன்" என்று சூளுரைத்து, நகரத்துக் கொத்தனாரை அழைத்துவந்து, வரப்பு நெடுகிலும் ஆழக் கடைக்கால் தோண்டிக் கருங்கல் மதில் எழுப்பினார். சேக் முகம்மது தொலைவில் நின்று பார்த்தார், பேசாமல் போய்விட்டார். குற்றமுள்ள நெஞ்சென்று இவர் உள்ளூர மகிழ்ந்தார்.

மழை இருந்தவரை பயிர் செழித்தது. தையில் மழை ஓய்ந்தது. விடைத்தாள் திருத்தும் பணி முடித்து வந்து பார்த்தால், ஐயோ, மேல்வயலில் நீர் ததும்ப, இவர் வயல் பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்தது. பால்பிடிக்க வேண்டிய கதிரெல்லாம் பதர். கீழோரத்து ஓடையைத் தம் வாய்க்காலென்று நம்பியிருந்தார்; அதுவோ மிஞ்சிய நீர் கழியும் வடிகால். அங்கே நீர் வயல்விட்டு வயல் பாய்வது. மேல்வயலார் வரப்பை வெட்டிவிட்டாலன்றிக் கீழ்வயலுக்கு வழியில்லை.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா வே?" என்று மதிலுக்கு அப்பால் நின்றவரைப் பார்த்துக் கதறினார்.

"உங்க பயிருக்குத்தான் தெனமும் வெட்டிவிட்டேன், அண்ணாச்சி. நீங்க சுவரு வச்சதும், எங்க வயல் தண்ணி உங்களுக்கு ஆகாது போலன்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் எப்படி வந்து கேக்க?"

பேராசிரியர் வெட்கத்தால் குன்றிப்போனார். கடப்பாரை எடுத்துத் தாமே மதிலை இடித்தார். மறுபுறம் சேக் முகம்மதும் கல் பெயர்த்தார். நீர் வந்தது, பதர் நெல்லாகவில்லை. எவனோ பறிப்பானென்று அஞ்சிக் காத்த அம்மண்ணை, அன்பரே, எவரும் பறிக்கவில்லை. அதைக் காய வைக்க அவர் ஒருவரே போதுமாயிருந்தார்.